போனவர்களையும் திரும்பியவர்களையும் எண்ணும் படிப்பு

உயர்தரத்தில் கலைப்பிரிவை எடுத்து, அதிலும் புவியியலைத் தெரிவு செய்யும் பிள்ளையிடம் வீட்டில் கேட்கப்படும் முதல் கேள்வி எல்லோருக்கும் தெரிந்ததுதான்: "இதைப் படிச்சு என்ன வேலைக்குப் போகப்போறா?" ஆசிரியை ஆகலாம் என்பதோடு பெரும்பாலும் பதில் முடிந்துவிடும். ஆசிரியத் தொழிலைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. நானும் அதில்தான் இருக்கிறேன். ஆனால் புவியியல், சமூகவியல், பொருளியல், புள்ளிவிபரவியல் ஆகிய நான்கும் சந்திக்கும் இடத்தில் இன்னொரு படிப்பும் இருக்கிறது. மனிதர் ஏன் ஊர்விட்டு ஊர் போகின்றனர், ஓர் ஊரின் சனத்தொகை ஏன் கூடுகிறது, ஏன் குறைகிறது, உலகின் மறுகோடியில் நடக்கும் மாற்றம் நமது ஊர்ப் பெண்பிள்ளையின் வாழ்க்கையை எப்படித் தொடுகிறது என்று ஆராய்வதே அந்தப் படிப்பு. அதையே தம் வாழ்க்கைத் தொழிலாக்கிக் கொண்ட பேராசிரியர் ஒருவர் நமது வட மாகாணத்திலிருந்தே வந்தார். அவரைப் பற்றியும் அவர் செய்த வேலையைப் பற்றியும் மாணவியரும் பெற்றோரும் அறிந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் பாடப்புத்தகத்தில் உள்ளது. ஓரிடத்தின் குடித்தொகையை மாற்றுவன மூன்றே மூன்று: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்வு. அமைதியான நாட்டில் முதல் இரண்டும் மெல்ல மெல்ல நகரும். அவற்றை வைத்து பத்து வருடங்களுக்குப் பின் எத்தனை வகுப்பறை வேண்டும், எத்தனை கட்டில் கொண்ட ஆஸ்பத்திரி வேண்டும் என்று ஓரளவு கணித்துவிடலாம். மூன்றாவது அப்படியல்ல. ஒரே இரவில் ஒரு கிராமம் முழுவதும் வெறுமையாகிவிடலாம். வன்னியில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இலங்கையில் நவீன முறையிலான குடிசனத் தொகைமதிப்பு 1871 இல் தொடங்கியது. ஏறத்தாழப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை அது நடந்து வந்தது. 1981 இல் நடந்த தொகைமதிப்புக்குப் பின் 1991 இல் நடக்க வேண்டியது நடக்கவேயில்லை. 2001 இல் நடந்ததை வடக்கில் முழுமையாக நடத்த முடியவில்லை. ஆகவே வன்னியின் கதையில் 1981 க்கும் 2012 க்கும் இடையில் 31 ஆண்டுகள் நீளமான ஓர் இருட்டு இருக்கிறது. அந்த இருட்டின் இரு கரையிலும் உள்ள எண்களை மட்டும் பார்ப்போம்.

1981 இல் வவுனியா மாவட்டத்தில் 95,428 பேர். 2012 இல் 172,115 பேர். முல்லைத்தீவில் 77,189 பேர் 92,238 ஆயினர். கிளிநொச்சி 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதி. பின்னரே தனி மாவட்டமாயிற்று. அப்பகுதியில் அன்று 91,764 பேர் இருந்தனர்; 2012 இல் 113,510. பக்கத்து மன்னாரில் 106,235 ஆக இருந்தது 99,570 ஆகக் குறைந்தது. யாழ்ப்பாணம் உட்பட வட மாகாணம் முழுவதையும் கூட்டினால் 1,109,404 என்பது 1,061,315 ஆகியிருக்கிறது.

குறைவு வெறும் 48 ஆயிரம்தானே என்று ஒரு மாணவி கேட்கக்கூடும். இங்கேதான் படிப்பு தொடங்குகிறது. அதே காலத்தில் நாடு முழுவதன் சனத்தொகை 1 கோடி 48 இலட்சத்திலிருந்து 2 கோடி 3 இலட்சத்துக்கு மேல், அதாவது நூற்றுக்கு 37 வீதம் கூடியிருந்தது. வடக்கும் நாட்டோடு சேர்ந்து அதே அளவில் வளர்ந்திருந்தால் 2012 இல் அங்கே 15 இலட்சத்து 20 ஆயிரம் பேரளவில் இருந்திருக்க வேண்டும். இருந்தவர்கள் 10 இலட்சத்து 61 ஆயிரம். இடையில் ஏறத்தாழ 4 இலட்சத்து 60 ஆயிரம் பேரைக் காணவில்லை. இது ஒரு மாதிரிக் கணக்குத்தான். ஒரு கல்குலேட்டர் இருந்தால் வகுப்பறையிலேயே செய்யலாம். ஆனால் அந்த எண்ணுக்குள் யார் யார் இருக்கின்றனர் என்று யோசித்துப் பாருங்கள். யுத்தத்தில் இறந்தவர்கள், கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவர்கள், தமிழ்நாட்டு முகாம்களில் இருந்தவர்கள், கொழும்பிலும் புத்தளத்திலும் தங்கிவிட்டவர்கள், இவர்கள் இங்கே இருந்திருந்தால் இங்கே பிறந்திருக்கக்கூடிய குழந்தைகள் எல்லோரும் அதற்குள் இருக்கின்றனர். ஒரே எண், ஐந்தாறு வேறு வேறு கதைகள். அவற்றைப் பிரித்தெடுப்பவரையே குடித்தொகை ஆய்வாளர் என்கிறோம்.

வவுனியாவின் பெருக்கத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். 31 ஆண்டில் 80 வீதம் கூடிய ஊர் இயற்கையாக அப்படிக் கூடவில்லை. பிற இடங்களிலிருந்து உயிர் தப்பி வந்தவர்கள் தங்கிய ஊர் அது. 2009 இல் யுத்தத்தின் இறுதியில் முல்லைத்தீவுக் கரையோரத்திலிருந்து வெளியேறிய இலட்சக்கணக்கானோர் செட்டிகுளம் பக்கத்து மெனிக் பாம் முகாம்களில் வைக்கப்பட்டனர். அந்த முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். தொகைமதிப்பு நடந்ததோ அதே ஆண்டு மார்ச்சில். ஆகவே மீள்குடியேற்றம் முடியும் முன்பே வன்னி எண்ணப்பட்டது என்பதை நினைவில் வைத்துத்தான் அந்த அட்டவணையை வாசிக்க வேண்டும். அட்டவணையில் உள்ள எந்த எண்ணையும் திகதி பார்க்காமல் நம்பக்கூடாது என்று நான் வகுப்பில் அடிக்கடி சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வன்னிக்கு வந்தவர்களின் கதை யுத்தத்தோடு தொடங்கியதுமல்ல. ஒரு காலத்தில் காய்ச்சலுக்குப் பயந்து அரசாங்க உத்தியோகத்தர்கூட வர அஞ்சிய பிரதேசம் இது. 1895 இல் ஜே.பி. லூயிஸ் வன்னி மாவட்டங்களைப் பற்றி எழுதிய கைநூல் இன்றும் ஆய்வாளர்கள் தேடி வாசிக்கும் நூல். இரணைமடுக் குளம் கட்டப்பட்டதும், அதன் கீழ் குடியேற்றத் திட்டங்கள் வந்ததும், 1940 களின் நடுப்பகுதியில் டி.டி.ரி. மருந்து தெளித்து நுளம்பைக் கட்டுப்படுத்தியதும் கிளிநொச்சியை மாற்றின. யாழ்ப்பாணத்தில் காணி போதாத குடும்பங்கள் வந்தன. 1970 களில் தோட்டங்களில் ஏற்பட்ட பட்டினியும் 1977 ஆம் ஆண்டு வன்செயலும் மலையகத் தமிழரை வன்னிக்குத் தள்ளின. மணலாற்றில், வெலிஓயா என்ற பெயரில், அரசாங்கம் சிங்களக் குடும்பங்களைக் குடியேற்றியது. 1995 இன் இறுதியில் யாழ் குடாநாட்டின் பெரும்பகுதி மக்கள் ஒரே மூச்சில் இடம்பெயர்ந்தபோது அவர்களில் பலர் வன்னிக்கே வந்தனர். மறுவருடம் கிளிநொச்சி நகரமும் வெறுமையானது. இதனால்தான் வன்னியில் ஒருவரைப் பார்த்து "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் சில வேளை மூன்று ஊர்ப் பெயர்கள் பதிலாக வருகின்றன.

இந்த வரிசையில் நமக்கு மிக நெருக்கமானது 1990 ஒக்டோபர். அம்மாதத்தின் பிற்பகுதியில் வட மாகாண முஸ்லிம்கள் எல்லோரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தவருக்கு இரண்டு மணி நேரம் கொடுக்கப்பட்டது. மன்னாரில் சில நாட்கள். முல்லைத்தீவில் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம், கிளிநொச்சியில் நாச்சிக்குடா என்று தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த ஊர்கள் சில நாட்களுக்குள் மனிதரற்றுப் போயின. மொத்தம் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் ஓலைக் கொட்டில்களில் தங்கினர். அநுராதபுரம், குருணாகல், கொழும்பு, நீர்கொழும்பு என்றும் சிதறினர்.

பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவியியல் கற்பித்தவர். வெளியேற்றப்பட்ட ஊர்களின் பட்டியலில் அவருடைய ஊரும் இருந்தது. அத்தகைய நிலையில் ஒருவர் கவிதை எழுதலாம், அறிக்கை விடலாம், நிவாரணம் சேர்க்கலாம். எல்லாம் தேவையானவையே. அவர் தமக்குத் தெரிந்த தொழிலைச் செய்தார். எண்ணினார். எந்த ஊரிலிருந்து எத்தனை குடும்பம், எங்கே போய்ச் சேர்ந்தது, என்னென்னவற்றை விட்டுவிட்டு வந்தது: வீடு, காணி, கடை, தோணி, கால்நடை, நகை, பள்ளிவாசல், பாடசாலை என்று திரட்டினார். இலங்கை இனப்பிரச்சினையில் மறக்கப்பட்ட மக்களாக முஸ்லிம் அகதிகளைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 2001 இல் வெளிவந்தது.

எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்பவருக்கு ஒரு விளக்கம் சொல்ல வேண்டும். பட்டினி கிடப்பவனுக்கு அட்டவணை சோறு போடாது என்பது உண்மை. ஆனால் அகதி முகாமில் நிவாரண அட்டை கொடுக்கிறவர் பதிவைப் பார்த்துத்தான் கொடுக்கிறார். வீட்டுத்திட்டம் வரும்போது பட்டியலைப் பார்க்கின்றனர். வாக்குரிமை இடாப்பில் பெயர் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பார்க்கின்றனர். பிள்ளை பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது மாவட்டக் கோட்டாவில் எந்த மாவட்டம் என்று பார்க்கின்றனர். பதிவில் இல்லாத மனிதன் உரிமை கேட்டுப் போனால் கதவருகிலேயே நிறுத்தப்படுவான். தாம் இழந்த காணியின் உறுதியைக்கூட எடுத்துவர நேரம் கிடைக்காத மக்களுக்கு, எங்கே எவ்வளவு இருந்தது என்று யாரோ ஒருவர் முறையாக எழுதி வைத்தது பெரிய காரியம்.

சொற்களும் இதில் விளையாடுகின்றன. சர்வதேச எல்லையைத் தாண்டியவரையே 1951 ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கை அகதி என்கிறது. நாட்டுக்குள்ளேயே துரத்தப்பட்டவருக்கு அந்தப் பெயர் சட்டப்படி இல்லை. அவர் உள்நாட்டில் இடம்பெயர்ந்தவர். அவருக்கான வழிகாட்டும் கோட்பாடுகளை ஐ.நா. 1998 இல்தான் வகுத்தது. அதாவது வடக்கு முஸ்லிம்கள் வெளியேறி எட்டு வருடங்களுக்குப் பிறகு. புத்தளத்து முகாம்களில் இருந்தவர்கள் தம்மை அகதி என்றே சொல்லிக்கொண்டனர். சட்டம் வேறு பெயர் சொல்லியது. பிறகு 2009 வந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் புதியவர்கள், அதற்கு முன் இடம்பெயர்ந்தவர்கள் பழையவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கப்பட்டனர். முன்னுரிமை புதியவர்களுக்கு. மெனிக் பாமில் முட்கம்பிக்குள் இருந்தவர்களின் தேவை மிக அவசரமானது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பழையவர் என்ற ஒரு சொல்லினால் 19 வருடங்கள் காத்திருந்தவர்கள் வரிசையின் கடைசிக்குப் போயினர். ஒரு படிவத்தில் உள்ள ஒரு சொல்லுக்கு இவ்வளவு வலிமை.

திரும்பிப் போவதும் நினைத்ததுபோல எளிதாக இருக்கவில்லை. இதை விளங்கிக்கொள்ளக் குடித்தொகைப் பாடம் மிகவும் உதவும். 1990 இல் தண்ணீரூற்றிலிருந்து போன ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாப்பா, உம்மா, நான்கு பிள்ளைகள், ஒரு வளவு. 20 வருடத்தில் அந்த நான்கு பிள்ளைகளும் மணம் முடித்து நான்கு குடும்பங்களாகிவிட்டனர். வளவு வளரவில்லை. அதற்குள் காடு மூடிவிட்டது, அல்லது வேறொரு காணியற்ற குடும்பம் அதில் கொட்டில் போட்டுவிட்டது. நால்வரில் இருவருக்குப் புத்தளத்தில் தொழில். பிள்ளைகள் அங்கேயுள்ள பாடசாலையில். யார் திரும்புவது? திரும்புபவருக்குக் காணி எங்கே? முள்ளியவளைப் பக்கத்தில் காடு வெட்டிக் காணி கொடுக்கும் முயற்சி எழுந்தபோது எதிர்ப்பும் எழுந்தது. யுத்தத்தில் எல்லாவற்றையும் இழந்து காணியற்று நின்ற தமிழ்க் குடும்பங்கள், எங்களுக்கு எங்கே என்று கேட்டன. இரண்டு பக்கத்துக் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. 1981 இல் முல்லைத்தீவு மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் முஸ்லிம்கள். 2012 இல் இரண்டு பேரளவில்தான். இந்த இரண்டு எண்களுக்கு இடையில் நான் மேலே சொன்ன குடும்பத்தைப் போலப் பல நூறு குடும்பங்களின் தீர்மானங்கள் இருக்கின்றன. அவற்றில் சில தாமாக எடுத்தவை, பல அப்படியல்ல.

மன்னாரில் முசலிப் பிரதேசத்தின் தெற்கில் இது இன்னும் சிக்கலானது. மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி முதலிய ஊர்களுக்கு மக்கள் திரும்பத் தொடங்கிய காலத்தில், 2012 இல், அப்பகுதி நிலத்தில் ஒரு பகுதி வர்த்தமானி மூலம் வன ஒதுக்கமாக்கப்பட்டது. சில வருடங்களில் வில்பத்துக் காடு அழிக்கப்படுகிறது என்ற கூக்குரல் நாடு முழுவதும் எழுந்தது. தொலைக்காட்சியில் அது ஓர் இனப் பிரச்சினையாகவே காட்டப்பட்டது. 2015 இல் ஹஸ்புல்லாஹ் இதைப் பற்றித் தனி நூல் ஒன்றை எழுதினார். திரும்பி வரும் உரிமை மறுக்கப்படுகிறது என்பது அவருடைய வாதம். காட்டைக் காப்பது பெரிய கடமைதான்; நானும் மரம் வெட்டுவதை விரும்புகிறவள் அல்லள். ஆனால் 22 வருடம் ஆளில்லாமல் விட்ட எந்த வளவும் வன்னியில் காடாகத்தான் போகும். இங்கே ஒரு புவியியலாளரிடம் கேட்க வேண்டிய கேள்வி, இப்போது காடாக இருக்கிறதா என்பதல்ல. 1990 இல் என்னவாக இருந்தது என்பது. அதற்குப் பழைய நில அளவைப் படம், குளத்தின் கட்டு, கிணறு, மையவாடி, பள்ளிவாசலின் அத்திவாரம், பழைய வாக்காளர் இடாப்பு, பாடசாலைப் பதிவு எல்லாம் சாட்சி சொல்லும். சத்தம் போடுபவர்களிடம் இவை எதுவும் இருப்பதில்லை.

ஹஸ்புல்லாஹ்வை அகதிகளைப் பற்றி எழுதியவர் என்று மட்டும் சொல்வது போதாது. பாரி மொரிசன் என்ற கனேடியப் பேராசிரியரோடு சேர்ந்து, உலகமயமாதல் காலத்து இலங்கைச் சமூகம் பற்றிய கட்டுரைத் தொகுப்பொன்றை 2004 இல் அவர் பதிப்பித்தார். கிழக்கில் முஸ்லிம்களின் காணிப் பிரச்சினை, சுனாமிக்குப் பின் நடந்த மீள்கட்டுமானம் ஆகியவற்றைப் பற்றிச் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு இணைந்து எழுதினார். 2018 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் காலமானார். தம் சமூகத்தை வெளியேற்றிய ஊருக்கு, அங்குள்ள தமிழ் அறிஞர்களோடு பேசவும் வாதிடவும், போய்வந்துகொண்டே இருந்த மனிதர் அவர். அல்லாஹ் அவருடைய பணிகளைப் பொருந்திக்கொள்வானாக.

உலகமயமாதல் என்றதும் மாணவியர் பெரும்பாலும் கைத்தொலைபேசியையும் கொரிய நாடகத்தையும் நினைப்பர். வன்னிக்கு அது வேறு உருவத்தில் வந்தது. யுத்தம் முடிந்தபின் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் ஆடைத் தொழிற்சாலைகள் திறக்கப்பட்டன. காலையில் கிராமங்களிலிருந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ்கள் ஏ9 வீதியில் ஓடுகின்றன. அந்தப் பிள்ளை தைக்கும் துணியை வாங்குபவர் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருப்பார். 2020 இல் கொரோனாவால் அங்கே கடைகள் பூட்டப்பட்டபோது இங்கே கட்டளைகள் நின்றன. இன்னொரு பக்கம், டொரன்டோவிலோ லண்டனிலோ இருக்கும் மாமா அனுப்பும் பணத்தில் வன்னியில் மாடி வீடு எழும்புகிறது. பக்கத்து வளவில் தகரக் கொட்டில் அப்படியே நிற்கிறது. ஒரே ஒழுங்கையில் இரண்டு உலகம். இதை எப்படி அளப்பது என்பதே ஓர் ஆய்வுத் தலைப்பு.

மத்திய கிழக்குக்குப் போகும் பெண்களின் விடயம் இதனிலும் கனமானது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985 இல் அமைக்கப்பட்டதிலிருந்து போகிறவர்களின் தொகை ஆண்டுதோறும் பதியப்படுகிறது. ஆனால் பதிவில் உள்ள வயது உண்மையான வயதா? மூதூர் றிஸானா நபீக்கின் பெயரை அறியாதவர் நம்மில் இல்லை. 17 வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு 2005 இல் சவூதிக்கு வேலைக்குப் போனவர். தம் பொறுப்பில் இருந்த குழந்தை இறந்த வழக்கில் 2013 ஜனவரியில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. பதிவேட்டில் அவர் வயது வந்த ஒரு தொழிலாளி. உண்மையில் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளை. ஆய்வாளர் ஒருவர் புள்ளிவிபரத்தை மட்டும் நம்பியிருந்தால் றிஸானாவைப் பார்த்திருக்கவே மாட்டார். வீட்டுக்குப் போய், உம்மாவோடு இருந்து பேசியிருந்தால் பார்த்திருப்பார்.

அதனால்தான் இந்தத் துறைக்குப் பெண்கள் தேவை என்று நான் அழுத்திச் சொல்கிறேன். கணக்கெடுக்கப் போகும் ஆண், வீட்டுத் தலைவாசலில் குடும்பத் தலைவனோடு பேசித் திரும்பிவிடுவார். பெண் ஆய்வாளரைக் குசினி வரை கூட்டிச் செல்வார்கள். யார் பணம் அனுப்புகிறார், அது யார் கையில் போகிறது, எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்தியது, ஏன் என்பதெல்லாம் குசினியில்தான் தெரியவரும். 1885 இலேயே ரேவன்ஸ்டைன் என்பவர் இங்கிலாந்தின் தொகைமதிப்பை ஆராய்ந்து, குறுந்தூர இடப்பெயர்வில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம் என்று சொன்னார். (அவர் மட்டும் மணமகன் பெண்வீட்டுக்கு வரும் நமது கிழக்கு மாகாண ஊர்களுக்கு வந்திருந்தால் தம் விதிக்கு ஓர் அடிக்குறிப்பு எழுதியிருப்பார்.)

முன்னுதாரணங்கள் இல்லாமலும் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகச் சமூகவியல் பேராசிரியை பர்சானா ஹனீபா வடக்கு முஸ்லிம்களின் வெளியேற்றத்தையும் திரும்புதலையும் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தவர். சட்டத்துக்கும் சமூகத்துக்குமான அறக்கட்டளை அமைத்த மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை 2011 இல் வெளிவந்ததில் அவருடைய பங்கு பெரியது. யாழ்ப்பாணத்தோடு குடும்ப வேர் கொண்ட சாரிகா திராணகம 2011 இல் வெளியிட்ட ஆங்கில நூலில், யாழ்ப்பாணத் தமிழரின் வீட்டு நினைவுகளையும் புத்தளத்து முஸ்லிம்களின் நினைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினார். நோர்வேயைச் சேர்ந்த கத்ரின் புரூன் என்ற புவியியலாளர் புத்தளத்துக்கு வந்து தங்கி, விருந்தினராக வந்தவர்களும் வீட்டுக்காரரும் ஒரே ஊரில் எப்படி வாழப் பழகுகின்றனர் என்று ஆராய்ந்தார். மூவரும் பெண்கள். நம் கதையை எழுத நோர்வேயிலிருந்து ஒருவர் வந்தார் என்பது அவருக்குப் பெருமை. நாமும் கொஞ்சம் வெட்கப்படலாம்.

இனி, பெற்றோருக்கு. இந்தப் பாதை நீளமானது என்பதை மறைக்க விரும்பவில்லை. நான்கு வருடச் சிறப்புப் பட்டம், பின் முதுமாணி, பின் கலாநிதிப் பட்டம் என்று பத்து வருடங்களுக்கு மேல் போகலாம். யாழ்ப்பாணம், பேராதனை, தென்கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களில் புவியியல் படிக்கலாம். கொழும்பில் குடித்தொகையியலுக்கென்றே தனித்துறை உண்டு. 2021 இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாகியிருக்கிறது. பட்டத்தின் பின் எல்லோரும் பேராசிரியர் ஆகப்போவதில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம், மாவட்டச் செயலகங்களின் திட்டமிடல் கிளை, ஐ.நா. அமைப்புகள், இடப்பெயர்வோடு வேலை செய்யும் நிறுவனங்கள் எல்லாம் இத்தகைய படிப்புள்ளோரைத் தேடுகின்றன. தமிழ் மொழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் ஆய்வை வாசிக்கச் சிரமப்படுவது உண்மையான தடை. அதை உயர்தரம் எழுதும் முன்பே தொடங்கிக் கடக்க வேண்டும். சிங்களமும் பேசத் தெரிந்தால் கள ஆய்வில் பாதி வேலை முடிந்தது போல.

பெண்பிள்ளை தனியே ஊரூராகப் போவதா என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. நல்ல ஆய்வில் யாரும் தனியே போவதில்லை. குழுவாக, ஊர்ப் பெரியவருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவித்துவிட்டுப் போவதே முறை. எதையும் எழுதும் முன் எதிரே இருப்பவரின் சம்மதம் கேட்க வேண்டும். சொன்னவரின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. அழுகிற தாயிடம் அடுத்த கேள்வியைக் கேட்காமல் கொப்பியை மூடத் தெரிந்திருக்க வேண்டும். இவை பல்கலைக்கழகத்தில் கற்பிக்கப்படும் ஒழுக்கங்கள்; நமது வீடுகளில் வேறு பெயரில் கற்பிக்கப்படுபவை.

பல்கலைக்கழகம் போகும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பாடசாலையிலும் ஒரு சேர்வு இடாப்பு இருக்கிறது. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, முன்பு படித்த பாடசாலை, சேர்ந்த திகதி, விலகிய திகதி, விலகியதற்கான காரணம் என்று நிரல் நிரலாக எழுதியிருக்கும். அதிபரிடம் அனுமதி பெற்று, பெயர்களை விட்டுவிட்டு, முன்பு படித்த பாடசாலை என்ற நிரலை மட்டும் ஆண்டு வாரியாக எண்ணிப் பாருங்கள். எந்த ஆண்டில் எந்த ஊரிலிருந்து பிள்ளைகள் கூட்டமாக வந்தனர், எந்த ஆண்டில் போயினர் என்பது ஒரு வரைபில் எழும்பி நிற்கும். 1990, 1995, 2009 ஆகிய ஆண்டுகளில் கோடு எப்படி ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு வீட்டில் வாப்பும்மாவிடமும் மூத்தம்மாவிடமும் அந்த ஆண்டுகளைப் பற்றிக் கேளுங்கள்.

2024 இல் நாடு தழுவிய புதிய தொகைமதிப்பு நடந்திருக்கிறது. நாட்டின் சனத்தொகை 2 கோடி 17 இலட்சத்தைத் தாண்டியிருக்கிறது. மீள்குடியேற்றம் பெரும்பாலும் முடிந்தபின் வன்னி எண்ணப்பட்டது இதுவே முதற் தடவை. மாவட்ட, பிரதேச செயலக மட்ட அட்டவணைகள் கையில் கிடைக்கும்போது முல்லைத்தீவையும் கிளிநொச்சியையும் எடுத்து, 20 முதல் 34 வயது வரையான ஆண்களின் தொகையையும் பெண்களின் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். பின் அதே வயதினரை 2012 அட்டவணையிலும் பாருங்கள். அங்கே ஒரு இடைவெளி தெரிந்தால், அவர்கள் எங்கே என்று தேடிப் போவது உங்களில் ஒருத்தியின் வேலையாக இருக்கலாம்.